மடக்குக்கத்தி தீட்டுறதும் வார்ல இழுக்குறதும்: நீங்க கேட்டது, நான் சொல்றது

போன ஞாயித்துக்கிழமை சவரக்கத்தி பத்தி என்ன வேணா கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்னு சொல்லிருந்தேன். ஊட்டி, குன்னூர், கூடலூர்னு நம்ம பக்கம் மட்டும் இல்லாம கொடைக்கானல்ல இருந்தும் கேட்டுருக்கீங்க, ரொம்ப சந்தோசம். ஒரே மாதிரி வந்த கேள்விய எல்லாம் ஒண்ணா சேத்துட்டேன். புதுசா படிக்கிறவங்களுக்கு என்னப் பத்தி ரெண்டு வரி: தாத்தா குன்னூர்ல சவரக்கடை வச்சிருந்தாரு, நான் அந்த தொழிலுக்கு போகல, டீ ஃபேக்டரில ஃபிட்டர். ஆனா கத்தி தீட்ட கத்துக்கிட்டது அவருகிட்ட தான், 22 வருசமா மடக்குக்கத்தில தான் சேவ் பண்றேன், இப்ப கோத்தகிரில இருக்கேன். வார், அதாவது ஸ்ட்ராப்னா, கல்லுல தீட்டுன கத்திய சேவுக்கு முன்னாடி இழுக்குற பட்டை, ஒரு பக்கம் தோல், இன்னொரு பக்கம் துணி. சரி ஒவ்வொண்ணா பாப்போம்.

ஊட்டி தம்பி ஒருத்தர்: அண்ணா, சலூன்ல பாதி பிளேடு மாட்டி சேவ் பண்றாங்களே, அந்தக் கத்தியும் நீங்க சொல்ற கத்தியும் ஒண்ணு தானா?

பாக்க ரெண்டும் ஒரே மாதிரி மடங்கும், ஆனா வேற வேற தம்பி. சலூன்ல இருக்குறது வெறும் பிடி தான், ரெட்டை முனை பிளேட ரெண்டா ஒடிச்சு உள்ள சொருகுவாங்க, ஒரு ஆளுக்கு முடிச்சதும் தூக்கிப் போட்டுருவாங்க, தீட்டுற வேலையே கிடையாது. நம்மளது ஒரே துண்டு எஃகு, அதயே தீட்டித் தீட்டி வச்சுக்கணும், ஒழுங்கா பாத்துக்கிட்டா பேரன் வரைக்கும் வரும். தாத்தா கடையிலயே கடைசில பாதி பிளேடுக்கு மாறிட்டாங்க, எச்ஐவி பத்தி ஊரெல்லாம் பேச ஆரம்பிச்ச நேரம் அது, அந்த முடிவு சரி தான். அதனால இதையும் சொல்லிடறேன், ஒரு கத்தி ஒரு ஆளுக்கு மட்டும் தான். கூடப் பொறந்தவனா இருந்தாலும் மாத்தி மாத்தி போடாதீங்க, ஹெபடைட்டிஸ் பி, சி எல்லாம் கண்ணுக்கே தெரியாத துளி ரத்தத்துல கூட ஒட்டிக்கும்.

குன்னூர்ல இருந்து: கல்லுல எத்தனை டிகிரி சாய்ச்சு பிடிக்கணும் சார்? அரிவாள்மனை, சமையல் கத்தி எல்லாம் கைல சாய்ச்சு பிடிச்சு தீட்டிப் பழக்கம், இதுல கோணம் நிக்கவே மாட்டேங்குது.

நீங்க பிடிக்கவே வேண்டாம் சார், கத்தியே பிடிச்சுக்கும். இது தான் சவரக்கத்தியோட பெரிய சூட்சுமம், இது புரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது. கத்தியோட முதுகு தடிமனா இருக்கே, அது சும்மா அழகுக்கு இல்ல. கத்தியப் படுக்க வச்சா முதுகும் வாயும் (வெட்டுற கூர் ஓரம்) ரெண்டும் ஒரே நேரத்துல கல்லத் தொடும், அந்த முதுகோட தடிமன் தான் கோணத்த முடிவு பண்ணுது. கணக்கு சொல்றேன் பாருங்க, அகலம் 19 மில்லி, முதுகு ஐஞ்சரை மில்லின்னு வச்சுக்கங்க, ரெண்டு பக்கமும் சேத்து வாய்ல வர்ற கோணம் 16, 17 டிகிரி. சமையல் கத்தி எல்லாம் சாதாரணமா 30 டிகிரி பக்கம் இருக்கும், அப்ப இது எவ்ளோ மெல்லிசுன்னு பாத்துக்கங்க.

அதனால விதி ஒண்ணே ஒண்ணு தான், முதுகு கல்ல விட்டு எழும்பவே கூடாது. வாய் முன்னாடி போற மாதிரி தள்ளணும், கல்லு மேல இருந்து ஒரு மெல்லிசான சீவல எடுக்கப் போற மாதிரி. கல்லு முடியுற இடத்துல கத்திய தூக்காம முதுகு மேலயே உருட்டித் திருப்பி, அடுத்த பக்கத்த தள்ளிக்கிட்டு திரும்ப வரணும். போயி வந்தா ஒரு தடவ. கல்லு கத்தியோட நீளத்துக்கு அகலம் இல்லாததால தள்ளும்போதே கொஞ்சம் குறுக்கா இழுத்துக்கிட்டே போங்க, கைப்பிடி பக்கத்துல ஆரம்பிச்சு நுனியில முடியுற மாதிரி, அப்ப தான் முழு வாயும் கல்லுல படும்.

அப்புறம் அழுத்தம். ஃபேக்டரில கை பழகுனவங்க, விவசாயம் பாக்குறவங்க எல்லாம் இதுல தான் மாட்டுவாங்க, கைல பலம் இருக்கு இல்ல, அது தானா இறங்கிடும். கத்தியோட சொந்த எடை போதும், ஆரம்பக் கல்லுல மட்டும் ஒரு விரல் எடை கூட வச்சுக்கலாம். அதுக்கு மேல அழுத்துனா மெல்லிசா இருக்குற வாய் வளைஞ்சு குடுக்கும், கல்லுல ஒரு கோணம், தூக்குனதும் வேற கோணம்.

கூடலூர் தம்பி: அண்ணா, எங்க தாத்தா எஸ்டேட் பங்களாவுல வேலை பாத்தாரு, அங்க துரை விட்டுட்டுப் போன கத்தின்னு ஒண்ணு டிரங்குப் பெட்டில கிடைச்சுது. ஷெஃபீல்டுன்னு எழுதிருக்கு, துரு ஏறிக் கிடக்கு. பஜார்ல சாணை பிடிக்கிறவர்கிட்ட குடுக்கலாமா?

குடுத்துடாத தம்பி, கெஞ்சிக் கேக்குறேன். அவங்க தப்பானவங்கன்னு சொல்லல, அரிவாளுக்கும் கத்திரிக்கோலுக்கும் அவங்க தான் ராஜா. ஆனா சுத்துற சக்கரத்துல இவ்ளோ மெல்லிசான எஃகு ஒரு நொடில சூடாயிடும், வாய் ஓரம் நீலமா ஒரு நிறம் ஓடுச்சுன்னா முடிஞ்சுது, அந்த இடத்துல கடினம் இறங்கிப் போச்சுன்னு அர்த்தம், அப்புறம் எவ்ளோ தீட்டுனாலும் ரெண்டு சேவ்ல மொக்கையாயிடும். முதுகு வச்சு வர்ற கோணமும் போயிடும். தீட்டணும்னா தட்டையான கல்லு, தண்ணி, கை இது மட்டும் தான்.

ஷெஃபீல்டு இங்கிலாந்துல கத்திக்கு பேர் போன ஊரு, ஜெர்மனில சோலிங்கன் மாதிரி. பழைய ஷெஃபீல்டு கத்தி நிறைய ஆப்பு மாதிரி தடிச்சு இருக்கும், சோலிங்கன் கத்தி உள்வாங்கி குடைஞ்ச மாதிரி மெல்லிசா இருக்கும், வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தா வித்தியாசம் தெரியும். முதல்ல அது உயிரோட இருக்கான்னு பாரு. கைப்பிடிக்கு பக்கத்துலயும் வாய் ஓரத்துலயும் விரிசல் இருக்கான்னு பூதக்கண்ணாடில பாரு, விரிசல் இருந்தா நினைவுக்கு வச்சுக்க, மூஞ்சில வைக்காத. மேல்துரு பிரச்சனையே இல்ல, தையல் மெஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு விட்டு 1000, 2000 நம்பர் தண்ணி உப்புத்தாள்ல முதுகுல இருந்து வாய்ப்பக்கம் தேய், குறுக்க தேய்க்காத விரல் போயிடும். வாய் ஓரத்துலயே துரு குழி குழியா தின்னுருந்தா தான் கஷ்டம், ஏன்னா அந்தக் குழி தாண்டி நல்ல எஃகு வர்ற வரைக்கும் தேய்க்கணும். வாய் நடுவுல உள்வாங்கி இருக்குன்னா, அதாவது தட்டையான கண்ணாடி மேல வச்சா ரெண்டு ஓரமும் தொட்டு நடு தொடாம இருந்தா, அத நீயா சரி பண்ணப் பாக்காத, தெரிஞ்சவங்க யாராச்சும் கூட உக்காந்து பண்ணணும். வெளிய வளைஞ்சு சிரிச்ச மாதிரி இருந்தா பயமில்ல, பழைய கத்தி நிறைய அப்படித்தான், தள்ளும்போது கைய லேசா உருட்டிக்கிட்டே போனா முழுசும் படும்.

நிறைய பேர் கேட்டது: என்னென்ன கல்லு வாங்கணும், எவ்ளோ செலவாகும்?

விலை நாளுக்கு நாள் மாறுது, அத நான் சொல்ல மாட்டேன், வேலைய சொல்றேன். கிரிட்னா கல்லோட நயத்துக்கு ஒரு நம்பர், ஏற ஏற கல்லு நயமாகும். 1000 கிரிட் கல்லு வாய் அமைக்க. 4000ல இருந்து 8000 வரைக்கும் அந்தக் கீறல எல்லாம் அழிக்க. 12000 பக்கம் ஒண்ணு கடைசி மெருகுக்கு. கிங் 1000/6000னு ரெண்டு பக்கக் கல்லு ஒண்ணு கிடைக்குது, அதோட நானிவா கம்பெனி 12000 கல்லு ஒண்ணு சேத்தா ரொம்ப காலத்துக்குப் போதும். பெல்ஜியத்துல ஆர்டென் மலையில கோட்டிக்யூல்னு மஞ்சள் கல்லு வெட்டி எடுக்குறாங்க, உள்ள பொடிப் பொடியா கார்னெட்னு ஒரு கடினமான தாது இருக்கும், அருமையான கல்லு, ஆனா முதல் கல்லா அத வாங்காதீங்க, கை பழகுன பிறகு தான் அதோட அருமை தெரியும்.

காசு கம்மியா இருக்குன்னா லேப்பிங் ஃபிலிம் வாங்குங்க, உப்புத்தாள் மாதிரி தான், ரொம்ப நயமான பொடி ஒட்டுன பிளாஸ்டிக் தாள். தடிக் கண்ணாடி துண்டு ஒண்ணு கண்ணாடிக் கடையில ஓரம் மழுக்கி வெட்டித் தரச் சொல்லுங்க, தண்ணி தெளிச்சு ஃபிலிம ஒட்டுனா தானா பிடிச்சுக்கும், 9, 5, 3, 1 மைக்ரான்னு வரிசையா போங்க. நான் அஞ்சு வருசம் 1 மைக்ரான் ஃபிலிம்ல முடிச்ச கத்தில தான் சேவ் பண்ணேன், மூஞ்சிக்கு ஒரு குறையும் இல்ல. ஹார்டுவேர் கடையில கறுப்பா விக்கிற கார்பரண்டம் கல்லு மட்டும் வேண்டாம், அது அரிவாளுக்கும் உளிக்கும். எந்தக் கல்லா இருந்தாலும் தேயத் தேய நடுவுல பள்ளம் விழும், பென்சில்ல கட்டம் போட்டு, கண்ணாடி மேல 220 நம்பர் தண்ணி உப்புத்தாள் வச்சு கோடு எல்லாம் அழியுற வரைக்கும் தேய்ச்சு மட்டமாக்குங்க. புதுக் கல்லும் மட்டமா தான் வரும்னு நம்பாதீங்க.

அரவங்காட்டுல இருந்து ஒரு சார்: 1000ல 50 தடவ, 4000ல 50, 8000ல 50, 12000ல 50, சொன்ன மாதிரியே எண்ணி எண்ணி பண்ணேன். இருந்தும் முடிய இழுக்குது, வெட்ட மாட்டேங்குது. என்ன தப்பு?

எண்ணுனது தான் சார் தப்பு. வர்ற கேள்வில முக்காவாசி இது தான், அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன்.

வாய்க்கு ரெண்டு பக்கமும் கல்லு பட்டு பளபளன்னு ஒரு மெல்லிசு கோடு ஓடுது பாருங்க, அத பெவல்னு சொல்லுவாங்க. அந்த ரெண்டு பக்கக் கோடும் கூர் ஓரத்துல ஒண்ணா சந்திக்கணும், கைப்பிடி ஓரத்துல இருந்து நுனி வரைக்கும் ஒரு இடம் பாக்கி இல்லாம. அந்த வேலை 1000 கல்லுல மட்டும் தான் நடக்கும். அது முடியாம 4000க்கு போனா மொக்கைய மெருகு போட்டுட்டு இருக்கீங்கன்னு அர்த்தம், 12000 என்ன, 30000 போனாலும் இழுக்கத்தான் செய்யும். ஒரு கத்திக்கு 40 தடவல வாய் அமையும், இன்னொண்ணுக்கு 400 ஆகும், பழைய ஷெஃபீல்டுக்கு நான் மூணு சாயங்காலம் உக்காந்துருக்கேன்.

அமைஞ்சுதான்னு எப்படித் தெரியும்? வாய் ஓரம் முழுக்க மார்க்கர் பேனால மை பூசுங்க, கல்லுல ரெண்டு தடவ தள்ளிட்டுப் பாருங்க, மை அழியாத இடம் எங்க இருக்கோ அங்க கல்லு படவே இல்ல. அப்புறம் மேஜை விளக்குக்கு கீழ கத்தி வாய மேல் பாக்க, உங்க கண்ணுக்கு நேரா பிடிச்சு மெதுவா ஆட்டுங்க. நல்ல வாய் கண்ணுக்கே தெரியாது, வெளிச்சம் பட்டு நிக்க அங்க இடமே இல்ல. எங்கயாச்சும் ஒரு வெள்ளைப் புள்ளி, ஒரு மினுமினு கோடு தெரிஞ்சா அது மொக்கை. மூணாவது, 1000 கல்லு முடிஞ்ச உடனே கை முடிய எந்த இடத்த வச்சு மழிச்சாலும் சுளுவா மழிக்கணும், நடுவுல மட்டும் மழிச்சு நுனில மழிக்கலன்னா திரும்ப உக்காருங்க.

இன்னொண்ணு தண்ணிய கவனிங்க. கல்லு மேல தண்ணி நிக்கும் இல்ல, கத்திய தள்ளும்போது வாய்க்கு முன்னாடி அந்தத் தண்ணி ஒரு மெல்லிசு வரப்பு மாதிரி போகும். வாய் சரியா கல்லோட ஒட்டிட்டா அந்தத் தண்ணி கீழ நுழைய வழி இல்லாம கத்தி மேல ஏறி வழியும், முழு நீளத்துக்கும். ஒரு இடத்துல மட்டும் ஏறாம கீழயே நழுவுதுன்னா அங்க தான் பாக்கி. தாத்தாவுக்கு பூதக்கண்ணாடியும் கிடையாது, மார்க்கரும் கிடையாது, தண்ணி ஏறுறத பாத்தும் சத்தத்த கேட்டும் தான் சொல்லுவாரு. ஆரம்பத்துல கரகரன்னு இருக்குற சத்தம் வாய் அமைய அமைய ஒரே சீரா சன்னமாயிடும், கைக்கும் கல்லு லேசா பிடிச்சு இழுக்குற மாதிரி தெரியும்.

ரெண்டு கோடும் சந்திச்ச பிறகு அடுத்தடுத்த கல்லுல வேலை கம்மி தான், முன்னாடி கல்லோட கீறல் அழிஞ்சா போதும், கடைசில கை எடைய குறைச்சுக்கிட்டே போயி கத்தி கல்லு மேல மிதக்குற மாதிரி ஒரு பத்து தடவ.

குன்னூர் தம்பி இன்னொருத்தர்: ஸ்ட்ராப் பண்ண பண்ண என் கத்தி மொக்கையாகுது அண்ணா! பண்றதுக்கு முன்னாடி தான் நல்லா இருந்துச்சு.

இது எனக்கே நடந்தது தம்பி, 17 வயசுல. தாத்தா வார் சுவத்து ஆணில தொங்கும், அவர் இழுக்குறத பாத்துப் பாத்து எனக்கும் ஆசை, அவர் வேகமா டப்பு டப்புன்னு இழுப்பாரு, நானும் அதே வேகத்துல இழுத்தேன். மூணாவது தடவ திருப்பும்போது வார்ல அரை விரக்கடை வெட்டு, கத்தி வாய் ஓரம் சுருண்டு போச்சு. அவர் திட்டல, அன்னிக்கி முழுக்க வேற வேலையே குடுக்காம டீக்கடை ஸ்பூன் ஒண்ண கைல குடுத்து வார்ல இழுக்கச் சொன்னாரு, சத்தமே வராம இழுக்குற வரைக்கும். அந்த டப்பு சத்தம் அவருக்கு 40 வருசம் கழிச்சு வந்தது, நம்ம அதுல ஆரம்பிக்கக் கூடாது.

என்ன பண்ணணும்னா, கல்லுல வாய் முன்னாடி போச்சு இல்ல, வார்ல அதுக்கு நேர் எதிர், முதுகு முன்னாடி போகணும், வாய் பின்னாடி வரணும். இத மறந்தா தோல வெட்டிருவீங்க. முதுகும் வாயும் ரெண்டும் தோல்ல படுத்துருக்கணும். ஓரத்துக்கு வந்ததும் முதல்ல நிறுத்துங்க, அப்புறம் முதுகு மேல உருட்டுங்க, திரும்புற நேரத்துல முதுகு மட்டும் தான் தோல்ல இருக்கும், வாய் மேல வந்து அந்தப் பக்கம் படுக்கும். மணிக்கட்ட முறுக்காதீங்க, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல கத்தியோட கழுத்து பென்சில் மாதிரி உருளணும்.

உங்களுக்கு மொக்கையாகுதுன்னா ரெண்டுல ஒண்ணு. வார் தொய்வா இருக்கு, இல்ல நீங்க அழுத்துறீங்க. தொய்ஞ்ச வார் கத்தி வாய சுத்தி வளைஞ்சு நிக்கும், கூரா இருக்குற நுனிய உருட்டி விட்டுரும். நல்லா விறைப்பா இழுத்துப் பிடிங்க, தம்புரா கம்பி மாதிரின்னு சொல்ல மாட்டேன், கத்தி வச்சா பள்ளம் விழாத அளவு. அழுத்தம் கல்லுல சொன்னத விடக் கம்மி. துணிப்பக்கம் 20, 30 தடவ, தோல்பக்கம் 50, 60, ஒவ்வொரு சேவுக்கும் முன்னாடி. சேவ் முடிஞ்ச பிறகு துடைச்சு துணிப்பக்கம் ஒரு பத்து, அது ஈரத்த எடுக்க.

வாய் ஏற்கனவே சுருண்டு போயிருந்தா ஸ்ட்ராப்ப நிறுத்திட்டு கடைசிக் கல்லுல ஒரு இருபது தடவ லேசா தள்ளுங்க, திரும்ப வந்துரும். வார்ல விழுந்த வெட்டு சின்னதுன்னா தோல் ஒட்டுற பசை தொட்டு ஒட்டி, காஞ்சதும் மெல்லிய உப்புத்தாள்ல வழவழன்னு ஆக்கிக்கலாம்.

கோத்தகிரில இருந்தே ஒருத்தர்: வாருக்கு தோல் எங்க வாங்குறது? வெளிநாட்டு ஸ்ட்ராப் விலை கட்டுபடியாகல.

வெளிநாட்டுக்கு எதுக்கு போறீங்க, தோல் ஊரே நம்ம கிட்ட இருக்கு, ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை. கேக்கும்போது குரோம் போட்டு பதப்படுத்துன மெத்துன்னு இருக்குற தோல் வேண்டாம், மரப்பட்டைல பதப்படுத்துனது வேணும்னு சொல்லுங்க. தமிழ்நாட்டுல பழைய காலத்துல ஆவாரம்பட்டைல தான் தோல் பதனிட்டாங்க, பிற்பாடு சீகைப் பட்டை. நம்ம மலை பூரா மஞ்சப்பூ பூத்துக் கிடக்கே சீகை மரம், கொடைக்கானல் பக்கம் வாட்டில்னே சொல்லுவாங்க, ஆஸ்திரேலியாவுல இருந்து வந்தது, தோல் பதனிடப் பட்டை வேணும்னு தான் காடு காடா நட்டாங்க. புல்வெளிய எல்லாம் அது தின்னுருச்சு, அது தனி வேதனை. 3 இஞ்சு அகலம், 2 அடி நீளம், ரெண்டரை மூணு மில்லி தடிமன் மாட்டுத்தோல், தழும்பு இல்லாத வழவழப்பான பக்கம் மேல. துணிக்கு தடி காட்டன் கேன்வாஸ் போதும், துவைச்சு கஞ்சி போக்கிருங்க. அதுவும் இல்லாத நாள்ல நியூஸ் பேப்பர நாலா மடிச்சு மட்டமான பலகைல வச்சு இழுத்தாலும் வேலை செய்யும், நம்புங்க.

நம்ம ஊருக்கு ஒரு எச்சரிக்கை, வார பாத்ரூம்ல தொங்க விடாதீங்க. ஐப்பசி மழை ஆரம்பிச்சா குன்னூர் கோத்தகிரி பக்கம் துணியே நாலு நாள் காயாது, தோல்ல வெள்ளையா பூஞ்சணம் வந்துரும். வந்துட்டா காஞ்ச துணில துடைச்சு நிழல்ல காத்துல போடுங்க, அடுப்பு மேலயோ கணப்பு பக்கமோ வச்சு காய வச்சா விறைச்சு வெடிச்சுரும். எண்ணெய் தேய்ச்சு ஊற விடாதீங்க, தினமும் உள்ளங்கையால நாலு தடவ அழுத்தித் தடவுனா கை எண்ணெயே போதும்.

ஊட்டி, குன்னூர், கொடைக்கானல்னு பல பேர்: மழைக்காலத்துல ரெண்டே நாள்ல கத்தி துரு பிடிக்குது. என்ன எண்ணெய் போடுறது? தேங்காண்ணெய்? நீலகிரி தைலம்?

மூடுபனி வீட்டுக்குள்ளயே வர்ற ஊருல கார்பன் எஃகு துரு பிடிக்காம இருந்தா தான் ஆச்சரியம். துரு முதல்ல தின்னுறது வாயத்தான், அங்க தான் எஃகு மெல்லிசு, நேத்து நல்லா இருந்த கத்தி இன்னிக்கி இழுக்குதேன்னு யோசிக்கிறவங்க பாதிப் பேருக்கு காரணம் கண்ணுக்குத் தெரியாத துரு தான்.

தேங்காண்ணெய் 24 டிகிரிக்கு கீழ போனா உறைஞ்சுரும், ஊட்டில வருசத்துல பாதி நாளு பாட்டில்ல கட்டியா தானே இருக்கு, கத்தில சீரா பரவாது, அதோட நாள்பட்டா காறிப் பிசுக்காயிடும். நீலகிரி தைலம் வேற கதை, அது ஆவியாகிப் போற எண்ணெய், கொஞ்ச நேரத்துல கத்தி மேல ஒண்ணும் மிச்சம் இருக்காது. பழைய பிசுக்கு, ஸ்டிக்கர் பசை எடுக்க அதுமாதிரி ஒண்ணு கிடையாது, அதுக்கு மட்டும் பஞ்சுல தொட்டு துடைங்க, பிடி பிளாஸ்டிக்கா இருந்தா அதுல படாம, சில பிளாஸ்டிக்க அது இளக்கிரும். காப்பாத்துறதுக்கு மெடிக்கல்ல கிடைக்கிற லிக்விட் பாரஃபின் நல்லது, வாசம் இல்ல, தோலுக்கு ஒண்ணும் பண்ணாது. ஜப்பான்காரங்க கத்திக்கு கமேலியா விதை எண்ணெய் போடுவாங்க, நம்ம டீச்செடியும் அதே கமேலியா இனம் தான், தேயிலைத் தோட்டத்து நடுவுல உக்காந்து அத நெனைக்கும்போது எனக்கு ஒரு சந்தோசம்.

எண்ணெய விட முக்கியம் துடைக்கிறது. சேவ் பண்ணும்போது தண்ணிய பிடிக்குள்ள, ஆணி இருக்குற இடத்துக்குள்ள விடாதீங்க. முடிஞ்சதும் டிஷ்யூ பேப்பர்ல முதுகுப் பக்கமா துடைச்சு, வார்ல பத்து இழுத்து, ஒரு மணி நேரம் திறந்தே வச்சு, அப்புறம் மடக்கி பாத்ரூமுக்கு வெளிய வைங்க. ரெண்டு நாளுக்கு மேல எடுக்க மாட்டீங்கன்னா ஒரு சொட்டு எண்ணெய்.

தலைகுந்தாவுல இருந்து: ராத்திரி கல்ல தண்ணில ஊறப் போட்டு வெளிய மறந்துட்டேன், காலைல ரெண்டா பிளந்து கிடக்கு. மட்டமான கல்லா?

இல்லைங்க, நல்ல கல்லு தான் பாவம். உங்க ஊருல மார்கழி தைல உறைபனி புல்லு மேல உப்புத் தூவுன மாதிரி விழும்ல, ஊறுன கல்லுக்குள்ள இருக்குற தண்ணி ஐஸாகி விரிஞ்சுது, கல்லு பிளந்துருச்சு. குளிர் மாசத்துல தீட்டுறதுக்கு முன்னாடி 10, 15 நிமிசம் ஊற வச்சா போதும், முடிஞ்சதும் வீட்டுக்குள்ள நிழல்ல மெதுவா காய விடுங்க. பிளந்த துண்ட தூக்கிப் போடாதீங்க, ரெண்டயும் உரசி மட்டமாக்கிட்டா சின்னத் துண்டுலயே வாய் அமைக்கலாம், பழைய நாள்ல சின்னக் கல்ல கைல பிடிச்சே தீட்டுனவங்க நிறைய.

கேத்தில இருந்து: பச்சைக் கலர் பேஸ்ட் போட்டா கல்லே வேண்டாமாமே?

கொஞ்ச நாளைக்கு வேண்டாம். அது குரோமியம் ஆக்சைடு, அரை மைக்ரான் பொடி, லேசா மங்குன வாய்க்கு பத்து பதினஞ்சு தடவ இழுத்தா திரும்ப எழுப்பிரும். ஆனா தினமும் இழுக்குற வார்ல அத பூசாதீங்க, தனியா ஒரு பலகைல தோலோ துணியோ ஒட்டி அதுல மட்டும். அதயே நம்பி மாசக்கணக்குல ஓட்டுனா வாய் கொஞ்சம் கொஞ்சமா உருண்டை ஆயிடும், ஒரு நாள் பேஸ்ட்டும் எடுபடாது, அப்ப கல்லுக்குத் தான் வரணும். தினமும் சேவ் பண்ற எனக்கு மூணு நாலு மாசத்துக்கு ஒரு தடவ கடைசிக் கல்லு, அதுக்கு நடுவுல வார் மட்டும்.

வெலிங்டன்ல இருந்து: தொங்குற முடிய கத்தி மேல விட்டா அறுக்கணும்னு சொல்றாங்க, என் கத்தி அறுக்கல.

முடிக்கு முடி வித்தியாசம் இருக்கு. எண்ணெய் தேய்ச்ச முடி வழுக்கிட்டுப் போகும், கழுவுன முடி எடுங்க, வேர்ப்பக்கம் பிடிச்சு ஒரு இஞ்சு தொங்க விட்டு வாய்ல வச்சுப் பாருங்க, எப்பவும் ஒரே ஆளோட முடிலயே பாருங்க. முழு நீளத்துக்கும் ஒரே மாதிரி நடந்துக்குதாங்கறது தான் முக்கியம். அறுக்கலன்னாலும் கன்னத்துல வச்சுப் பாருங்க, தீர்ப்பு கன்னம் சொல்றது தான். நகத்துல இழுத்துப் பாக்குற பழக்கம் மட்டும் விடுங்க, முடிச்ச வாய அதுவே கெடுத்துரும்.

வேற ஒருத்தர்: முதுகுல இன்சுலேஷன் டேப் ஒட்டலாமா?

ஒட்டலாம், ஒரு சுத்து. முதுகு தேயாது, வேலைப்பாடு இருந்தா அதுவும் தப்பிக்கும், கோணம் இம்மி கூடும் அவ்வளவு தான். கல்லு மாத்தும்போது டேப்பயும் மாத்துங்க, டேப்போட ஆரம்பிச்சா டேப்போடயே முடிங்க.

கொடைக்கானல்ல இருந்து ஒரு அக்கா: என் மாமனாருக்கு 78 வயசு, இன்னமும் மடக்குக்கத்தி தான் வேணும்ங்கறாரு. இப்ப கை நடுங்குது, வார்ல இழுக்கும்போது பயமா இருக்கு. சேவ் அவர் பையன் பண்ணி விடுறாரு. தீட்டுறத நான் கத்துக்கலாமா? பொம்பளைங்க யாரும் பண்ணி நான் பாத்ததில்ல.

தாராளமா அக்கா, எனக்கு இந்தக் கேள்வி தான் ரொம்ப பிடிச்சிருந்துச்சு. இதுக்கு பலம் தேவையே இல்ல, மெதுவான கை தான் வேணும், பூ கட்டுற கை, ஸ்வெட்டர் பின்னுற கை இருந்தா எங்கள விட சீக்கிரம் பழகிரும். தொங்குற வார் உங்களுக்கு இப்போதைக்கு வேண்டாம், ஒரு அடி நீளம் மட்டமான பலகைல தோல ஒட்டி மேஜை மேல வச்சுக்கங்க, தொய்வுங்கற பிரச்சனையே இருக்காது, ரெண்டு கையும் உங்க கட்டுப்பாட்டுல இருக்கும். முதல் ஒரு வாரம் வெண்ணெய் தடவுற மொட்டைக் கத்தில பழகுங்க, முதுகு முன்னாடி, நிறுத்து, உருட்டு, திரும்ப. கை தானா செய்யும்போது மாமனார் கத்திய எடுங்க. இழுக்கும்போது அவர பக்கத்துல உக்கார வச்சுக்கங்க, இத்தன வருசம் அந்த சத்தத்த கேட்டவரு, தப்பா போச்சுன்னா உங்களுக்கு முன்னாடி அவர் காது சொல்லிரும். கல்லு வேலைக்கு அவசரமில்ல, இப்ப கத்தி நல்லா இருக்குன்னா மூணு மாசம் வார்லயே ஓடும். அதுக்கப்புறம் இழுக்க ஆரம்பிச்சா எழுதுங்க, 12000 கல்லுல முதல் இருபது தடவ எப்படித் தள்ளணும்னு கூடவே இருந்து சொல்றேன்.